கண்டாங்கி கட்டிக்கொண்டு பிஎச்.டி. நேர்முகத் தேர்வுக்குப் போகலாமா?

தறிவீட்டுப் பொண்ணு, காரைக்குடி:
எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருக்கிறேன். அப்பா கண்டாங்கி நெய்கிறவர், நூலுக்குச் சாயமும் பின்கட்டிலேயே போடுவார். காஸ்டிக் சோடாவும், சாயத்தைக் கரைய வைக்கும் ஹைட்ரோஸ் என்ற உப்பும் கலந்த இண்டிகோ நீலச் சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் மஞ்சள்பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஹைட்ரோஸே இல்லாமல் மின்சாரத்தால் அந்தச் சாயத்தை ஒடுக்குவதில்தான், அதாவது எலக்ட்ரான் கொடுத்துக் கரைய வைப்பதில்தான், ஆராய்ச்சி செய்ய ஆசை.

போன மாதம் வெளியூரில் ஒரு நேர்முகம். அப்பா நெய்த அரக்குக் கண்டாங்கி, தலையில் கொஞ்சம் பூ. குழுவில் ஒருவர், "கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கீங்களே" என்று சிரித்தார். தொட்டியைப் பற்றி ஆரம்பித்ததும், "சொந்தக் கதை வேண்டாம், சப்ஜெக்டுக்கு வாங்க" என்றார். இடம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு இடம். சுடிதாரில் போய், தறியைப் பற்றி வாயே திறக்காமல் வந்துவிடட்டுமா? அக்காமார் சொல்லுங்கள்.

துருப்பிடிச்சவள்:
தங்கச்சி, அரிமான ஆராய்ச்சியில் தலை நரைத்தவள் நான். புடவையையும் தொட்டியையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே.

நேர்முகத்துக்குக் கண்டாங்கி கட்டு, யாரும் தடுக்க முடியாது. ஆய்வகம் வேறு. அமிலம் கையாளும் இடத்தில் தொங்கும் முந்தானையும் தரையைத் தொடும் கொசுவமும் ஆபத்து. அங்கே துப்பட்டா இல்லாத பருத்திச் சுடிதார், மேலே கோட், கொண்டை போட்ட தலை. பாலியெஸ்டர் வேண்டாம், தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். பேட்டரி, மின்முனை வேலையில் மோதிரமும் வளையலும் கழற்றியே ஆக வேண்டும். இந்த விதிகள் ஆண் பெண் எல்லோருக்கும்தான். 'கல்யாண வீடு' என்பது விதியில் சேராது, வெறும் வாய்க்கொழுப்பு.

தொட்டி விஷயத்துக்கு வா. அதுதான் உன் சப்ஜெக்ட், அதை எதற்கு மறைக்கிறாய்? சொல்லும் வரிசையை மட்டும் மாற்று. ஹைட்ரோஸ் ஒருமுறை வேலை செய்ததோடு சரி, சல்பைட்டும் சல்பேட்டுமாகச் சாக்கடைக்குப் போகிறது. மின்சாரம் என்றால் அந்தக் கழிவு இல்லை. ஆனால் இண்டிகோ நீரில் கரையாத துகள், மின்முனையிலிருந்து எலக்ட்ரான் நேராக அதற்குப் போய்ச் சேராது. அதனால் இரும்பு–டிரைஎத்தனோலமைன் போன்ற ஓர் இடையாளைக் கரைசலில் போடுகிறார்கள். அது மின்முனையில் எலக்ட்ரானை வாங்கிச் சாயத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் வரும். இந்தச் சிக்கலை நீயே முதலில் எடுத்து வை. அப்புறம், "எங்க வீட்டுத் தொட்டியில் இதைப் பார்த்தேன்" என்று சொல், எவர் சிரிக்கிறார் பார்ப்போம்.

கோவிலூர்க்காரன்:
2014 செப்டம்பரில் மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தபோது பட்டுப்புடவையும் பூவுமாக இஸ்ரோ பெண்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடிய படத்தை உலகமே பார்த்ததே! பயப்படாதீர்கள் தங்கச்சி.

துருப்பிடிச்சவள்:
தம்பி, அந்தப் படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோவே பிறகு விளக்கியது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த ரித்து கரிதாலையும் நந்தினி ஹரிநாத்தையும் சொல்லுங்கள். புடவை கட்டிய பெண் என்றதும் விஞ்ஞானி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.

தேவகோட்டை ரஸ்தா:
வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள், அதற்கும் தயாராக இரு. யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி. காலத்தில் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. மறுபதிவோடு சேர்த்துப் பொதுவாக அதிகபட்சம் எட்டு ஆண்டு, பெண்களுக்குப் பத்து. பெண் கேட்டு வருகிற இடத்திலும் இதைச் சொல்லிவிடு.

அப்புறம், உள்ளூரிலேயே சிக்ரி இருக்கிறதே, மின்வேதியியலுக்கென்றே 1953ல் திறந்த மத்திய ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த இடம். அங்கேயும் விண்ணப்பம் போட்டாயா?

தறிவீட்டுப் பொண்ணு:
போட்டிருக்கிறேன் அக்கா. துருப்பிடிச்ச அக்கா, அந்த இடையாள் காரக் கரைசலில்தான் வேலை செய்யுமா? அப்பாவின் தொட்டியில் காஸ்டிக் ஏற்கெனவே இருக்கிறதே.

துருப்பிடிச்சவள்:
ஆமாம், நல்ல காரம் வேண்டும். இதே கேள்வியை அங்கேயும் கேள்.