ஐபி வேறு வேறு, ஆனாலும் இரண்டு விஎம்களும் மாறி மாறித் துண்டிக்கின்றன – உதவி தேவை

கேள்வி
விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வர் 22.04 விஎம் (பிசிக்குள் மென்பொருளாக ஓடும் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்) ஒன்று இருந்தது. அதன் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து இன்னொரு பிசியிலும் போட்டேன். இரண்டும் பிரிட்ஜ்டு அடாப்டர், அதாவது விஎம்மும் நெட்வொர்க்கில் தனி கம்ப்யூட்டர் போலவே சேரும். பிசிகள் ஒரே சுவிட்சில், போர்ட் 3, போர்ட் 7. கையால் 192.168.1.41, 192.168.1.42 கொடுத்திருக்கிறேன். மூன்றாவது பிசியிலிருந்து இரண்டையும் சேர்த்து பிங் செய்தால், ஒன்று பதில் தரும்போது மற்றது டைம்அவுட். கேபிள் மாற்றியாயிற்று.

பதில்
கேபிளில் கோளாறு இல்லை. மூன்றாவது பிசியில் ‘ஏஆர்பி -ஏ’ கமாண்டை அடித்து, இரண்டு ஐபிக்கும் நேரே என்ன மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்
இரண்டுக்கும் 08-00-27-14-52-96.

பதில்
அதுதான் சிக்கல். மேக் முகவரி விஎம்மின் செட்டிங்ஸ் ஃபைலிலேயே எழுதப்பட்டிருக்கும். ஃபோல்டரோடு அதுவும் காப்பி ஆகிவிட்டது. சாதாரண சுவிட்ச் ஐபியைப் பார்ப்பதில்லை. ஒரு மேக்கிலிருந்து கடைசியாக எந்த போர்ட்டில் ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) வந்ததோ, அந்த போர்ட்டைத்தான் தன் டேபிளில் வைத்துக்கொள்ளும். 42 பேசியதும் அந்த மேக் போர்ட் 7க்கு மாறிவிடும். அடுத்து 41க்குப் போகவேண்டிய பிங்கும் அங்கேதான் போகும். அந்த விஎம்மின் நெட்வொர்க் கார்டு தன் மேக்தானே என்று வாங்கிக்கொள்ளும். ஐபி தன்னுடையதல்ல என்பதால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

ஒரு விஎம்மை மட்டும் முழுதாக ஷட்டவுன் செய்து, செட்டிங்ஸ் → நெட்வொர்க் → அட்வான்ஸ்டு போய், மேக் அட்ரஸ் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள சுழல் அம்புக்குறியை அழுத்துங்கள். முன்பாதி 08:00:27 அப்படியே இருக்கும், பின்பாதி மாறும், அது போதும். கையால் அடிப்பதானால் இரண்டாம் இலக்கம் இரட்டைப்படையாக இருக்கவேண்டும், ஒற்றைப்படை மல்டிகாஸ்ட்டுக்கு (ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதற்கு) உரியது.

(வைஃபையில் பிரிட்ஜ் செய்தால் ஒரே பிசியின் விஎம்களுக்கு ஒரே மேக் தெரிவது இயல்பு; விர்ச்சுவல்பாக்ஸ் அங்கே பிசியின் மேக்கையே போட்டு அனுப்பும்.)

கேட்டவர்
பிங் சரியாகிவிட்டது. ஆனால் டிஹெச்சிபிக்கு (ரௌட்டரே தானாக ஐபி கொடுக்கும் முறை) மாற்றினால் இரண்டுக்கும் 192.168.1.40 வருகிறது! மேக் இப்போது வேறுதான்.

இன்னொருவர்
இந்த உபுண்டு டிஹெச்சிபியிடம் மேக்கைச் சொல்லி ஐபி கேட்பதில்லை. ‘இடிசி’ ஃபோல்டரிலுள்ள ‘மெஷின்-ஐடி’ ஃபைலிலிருந்து உருவாக்கிய அடையாளத்தை அனுப்பும். அதுவும் காப்பி ஆகியிருக்கிறது, அதனால் ரௌட்டர் இரண்டையும் ஒரே ஆளாக நினைக்கிறது. ஒரு விஎம்மில் அந்த ஃபைலை ரூட்டாக (அட்மின் உரிமையோடு) காலி செய்து ரீபூட் செய்யுங்கள். ஃபைலை அழித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் எடுங்கள். பூட் ஆகும்போது புதிய ஐடி தானாக எழுதப்படும்.

இனி காப்பி எடுக்கவேண்டுமானால் மூல விஎம்மில் இந்த ஃபைலைக் காலி செய்து, ஷட்டவுன் செய்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் குளோன் வழியாகவே எடுங்கள். அங்கே மேக் பாலிசியில் எல்லா அடாப்டர்களுக்கும் புதிய முகவரி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.