வால்வு க்ளியரன்ஸ்: ‘இடைவெளி’யா, ‘விடுவெளி’யா?

குழுவினர்க்கு வணக்கம்.

டர்ட் பைக் எஞ்சின் பராமரிப்புக் கையேட்டில் ‘வால்வு க்ளியரன்ஸ்’ என்பதை ‘வால்வு இடைவெளி’ என்று எழுதினால் போதும் என முந்தைய மடலில் கூறப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே தீப்பொறி தாவும் தூரத்தையும் அதே கையேட்டில் ‘இடைவெளி’ என்றே குறித்திருக்கிறோம். வால்வில் இருப்பதோ, சூடேறினால் உலோகம் நீளும் என்பதை எதிர்பார்த்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே விட்டுவைக்கும் வெளி. ஆகவே ‘விடுவெளி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘விடுமுறை’ போன்ற வினைத்தொகைதான், புழங்குவதற்குக் கடினமில்லை.

பட்டறைகளில் இந்த வேலைக்கு ‘டேப்பட் பார்ப்பது’ என்றுதான் பெயர். ஆனால் டேப்பட் என்பது, சுழன்று வால்வைத் தள்ளித் திறக்கும் கேமுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் நிற்கும் உறுப்பு. நாம் அளக்கும் வெளி கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே இருப்பது. உறுப்பின் பெயரே வேலைக்கும் வழங்குகிறது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அளவு அட்டவணையின் தலைப்பில் உதவாது.

சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ‘எஞ்சின் நன்கு குளிர்ந்த பின், பிஸ்டன் அமுக்க வீச்சின் உச்சியில் நிற்கும்படி திருப்பி, கேமின் மூக்கு டேப்பட்டை அழுத்தாத நிலையில் விடுவெளியை அளக்கவும். 0.10 மி.மீ. தகடு லேசான பிடிப்புடன் நுழைந்து, 0.15 மி.மீ. தகடு நுழைய மறுத்தால், விடுவெளி அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.’ இங்கு எதுவும் உறுத்தவில்லை. வெளியேற்று வால்வு உள்ளிழு வால்வைவிட அதிகம் சூடாவதால் அதற்குக் கூடுதல் விடுவெளி தேவை என்று எழுதும்போது, சொல்லே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது ‘சிம்’. டேப்பட்டுக்கு அடியில், வால்வுத் தண்டின் தலையில் அமரும் இந்தச் சிறிய வட்டத் துண்டுக்கு ‘ஈடுவில்லை’ எனலாம். தேய்மானத்தால் மாறிய அளவை ஈடுசெய்வதே அதன் வேலை. பழைய வில்லையின் தடிமனோடு அளந்த விடுவெளியைக் கூட்டி, வேண்டிய விடுவெளியைக் கழித்தால் புதிய வில்லையின் தடிமன் வரும்: 1.85 + 0.07 − 0.15 = 1.77. கிடைப்பது 1.775 என்றால், விடுவெளி 0.145 ஆக அமையும். மேலே சொன்ன அளவுத் தகடுகளின் கட்டான ‘ஃபீலர் கேஜ்’ என்பதற்கு ‘விடுவெளி அளவி’ பொருந்தும் என நினைக்கிறேன்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்

*

ஐயா, வணக்கம்.

‘விடுவெளி’யை முழு மனத்துடன் ஏற்கிறேன். ‘ஈடுவில்லை’யும் நன்று, டேப்பட்டைக் காந்தத்தால் தூக்கும்போது, அதன் அடியில் எண்ணெய்ப் பசையால் ஒட்டிக்கொண்டே வந்து, கேம் சங்கிலி ஓடும் குழிக்குள் விழுந்துவிடக்கூடிய பொருளுக்கு ‘வில்லை’ என்பது அளவையும் வடிவையும் சரியாகவே காட்டுகிறது. குழியைத் துணியால் அடைத்துக்கொள்ளச் சொல்லும் வரி அங்கேயே இருக்கட்டும்.

‘விடுவெளி அளவி’ மட்டும் வேண்டாம். அதே தகடுகளால்தான் ஸ்பார்க் பிளக்கையும் அளக்கிறோம். நீங்கள் பிரித்த இரண்டும் அந்தப் பெயரில் மறுபடி கலந்துவிடும். ‘தகட்டளவி’ என்று கருவியின் உருவைக் கொண்டு பெயரிட்டால் எங்கும் பொருந்தும்.

இன்னொன்று, விடுவெளி குறைந்துபோன வால்வைக் குறிக்கும் ‘டைட் வால்வு’ என்பதை வரைவில் ‘இறுக்கமான வால்வு’ என எழுதியிருக்கிறீர்கள். படிப்பவர், தண்டு அதன் வழிக்குழலில் சிக்கியிருப்பதாகவே நினைப்பார். உண்மையில் வால்வின் முகமும், மூடும்போது அது அமரும் இருக்கையும் தேய்வதால் தண்டு மேலேறி விடுவெளியைத் தின்றுவிடுகிறது. அது முற்றிலும் அற்றுப்போனால் வால்வு சரியாக மூடாது, எஞ்சினைக் கிளப்புவதே பாடாகிவிடும், வால்வின் விளிம்பும் கருகும். டைட்டானியம் வால்வுகளில் மேற்பூச்சு போய்விட்டால் இது விரைவாக நிகழும் என்பதால், ஈடுவில்லையை அடுத்தடுத்து மெலிதாக்கிக்கொண்டே போவதும் தீர்வாகாது. வால்வையே மாற்ற வேண்டும். எதிர்ப்புறத்தில், விடுவெளி மிகுந்தால் டக் டக் என்ற சத்தம் கேட்கும், வால்வு திறக்கும் உயரமும் குறையும். ஆகவே ‘டைட்’, ‘லூஸ்’ ஆகிய இரண்டையும் ‘விடுவெளி குறைந்த’, ‘விடுவெளி மிகுந்த’ என்றே அட்டவணை முழுவதும் மாற்றிவிடலாம்.