4:3 டிவியில் அகலத்திரைப் படம் நீண்டு தெரிகிறது

கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் 21 அங்குலப் பழைய குழாய் டிவி, 4:3 திரை (அகலம் 4க்கு உயரம் 3), பின்னால் ஏவி உள்ளீடு மட்டும். மூன்று வாரத்துக்கு முன் ஆண்ட்ரொய்ட் பெட்டியை எச்டிஎம்ஐ-ஏவி மாற்றி வழியாக இணைத்தேன். அன்றிலிருந்து எல்லாப் படமும் மேலும் கீழும் இழுபட்டு, முகங்கள் நீளமாகத் தெரிகின்றன. திரையில் ஒரு வட்டத்தைக் காட்டி அடிமட்டத்தால் அளந்தேன்: அகலம் 15 செ.மீ, உயரம் 20. அதாவது மாற்றி 16:9 அகலத்திரைப் படத்தை அப்படியே 4:3க்குள் நெருக்குகிறது.

மாற்றியில் இருப்பது பால்/என்டிஎஸ்சி என்ற டிவி சமிக்ஞை முறையை மாற்றும் சுவிட்ச் மட்டுமே. அதைத் தட்டினாலும் வடிவம் மாறவில்லை. பெட்டியின் படத் தெளிவை 576 வரிகளுக்கு இறக்கியும் பலனில்லை. விஎல்சி என்ற வீடியோ செயலியில் அகல-உயர விகிதத்தை 2.39:1 என்று திணித்தால் 16:9 படம் கிட்டத்தட்டச் சரி, ஏனென்றால் 2.39இன் முக்கால் 1.79. ஆனால் இன்னும் அகலமான 2.35:1 சினிமாப் படத்துக்கு 3.13 வேண்டும், அது பட்டியலில் இல்லை. டிவியின் சர்வீஸ் மெனுவில் (பழுதுபார்ப்பவர்களுக்கான மறைவான மெனு) செங்குத்து அளவைக் குறைத்தால் வட்டம் வட்டமாகிறது, ஆனால் அன்டெனா சனல்கள் சப்பையாகிவிடுகின்றன. டிவிடி பிளேயரில் 4:3 லெட்டர்பொக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டி விட்டு முழுப் படத்தையும் காட்டுவது) போட்டால் டிஸ்க் அருமையாக வருகிறது. ஆகவே டிவியில் பிழையில்லை.

கறுப்புப் பட்டி எனக்குப் பிரச்சினையே இல்லை. மூலைக்கு மூலை 51 செ.மீ தெரியும் திரையில் 2.35 படத்துக்கு 17 செ.மீ உயரம்தான் கிடைக்கும். பக்கங்களை வெட்டிய படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டியிலோ, தானே லெட்டர்பொக்ஸ் செய்து தரும் எச்டிஎம்ஐ-ஏவி மாற்றி எந்த மாடல் கிடைக்கும்?