மடை வாயருகே மட்டும் ஏன் பதர்?

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் மண் பரிசோதனை வேலையாகக் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே போரோ நெல்லை ஜனவரி வாக்கில் நட்டு, ஏப்ரல், மே மாதங்களில் அறுப்பார்கள். மழை சொற்பம் என்பதால் பெரும்பாலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீர்தான். ஆர்சனிக் என்ற நஞ்சு வருவதும் அந்தத் தண்ணீரோடுதான்.

ஒரு வயலில், அந்தத் தண்ணீர் முதலில் வந்து விழும் மடை வாயருகே பயிர் குட்டையாக, தூர் கட்டாமல் நின்றது. தள்ளிப் போகப் போக நன்றாக இருந்தது. மடையோரக் கதிர்கள் மணி பிடிக்காததால் தலை சாயாமல் விறைப்பாக நின்றன. நசுக்கினால் எல்லாம் பதர். ஒரு தூரைப் பிடுங்கி அலசினேன். வேரெல்லாம் துருச்சிவப்பு. அது இரும்புப் படலம், ஆர்சனிக்கில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"சத்துக் குறைவுதானே அண்ணா? இன்னொரு மூட்டை டிஏபி போட்டால் தேறிவிடும்" என்றார் வயல்காரர். டிஏபி பாஸ்பேட் உள்ள உரம், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் மண்ணில் ஆர்சனிக்கும் பாஸ்பேட்டும் ஒரே இரும்புத் துகள்களில்தான் ஒட்டுகின்றன. பாஸ்பேட்டைக் கூட்டினால், ஒட்டியிருந்த ஆர்சனிக் இடம் பெயர்ந்து தண்ணீரில் கலக்கும். காய்ந்த நிலத்தில் பாஸ்பேட் வேருக்குள் ஆர்சனிக் நுழைவதை ஓரளவு தடுக்கும். நீர் கட்டிய வயலில் ஆர்சனிக் வடிவம் மாறி, நெல் சிலிக்கா உறிஞ்சும் வழியாக உள்ளே போய்விடுகிறது. அங்கே டிஏபியால் தடுக்க முடியாது.

அதனால் மண்ணில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கூடுதல் மூட்டை போட வேண்டாம் என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

பதில் 1:
வங்கதேசத்தின் ஃபரித்பூரில் நடந்த வயல் ஆய்வும் ஆர்சனிக் விளைச்சலைக் கெடுப்பதைத்தான் காட்டியது. மண்ணில் ஆர்சனிக் ஏற ஏற, ஹெக்டேருக்கு 7 முதல் 9 டன் வரை கண்ட வயலிலேயே விளைச்சல் 2, 3 டன்னாக இறங்கியது. அதே வயல், அதே ரகம். அந்த ஊர்ப் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், அங்கே குறைந்துபோன அந்த நெல் ஒரு வீட்டின் வருஷச் சோறு.

பதில் 2:
அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பழைய பருத்தி நிலங்களில் இதே விறைத்த கதிரைப் பார்த்திருக்கிறேன். பருத்திக்கு அடித்த ஆர்சனிக் களைக்கொல்லி மண்ணில் தங்கியிருந்தது. கதிர் உருவாகும் முன்பே தண்ணீரை வடித்து, நிலத்தைக் காயவிட்டு, மறுபடி கட்டுவார்கள். நம் ஊரில் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான். மண்ணில் காற்று புகுந்தால் இரும்பு மறுபடி ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: ரொம்பக் காயவிட்டால் அரிசியில் காட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகம் ஏறும். காட்மியம் உள்ள மண்ணில் அளவோடு செய்ய வேண்டும்.

பதில் 1:
சரி, மண்ணில் உமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் சிலிக்கா அதிகம், அதே வழியாக நுழையும் ஆர்சனிக்கோடு அது போட்டி போடும். வைக்கோலைவிட உமியில் ஆர்சனிக்கும் குறைவு. அந்த மாதிரி வயலின் வைக்கோலை மட்டும் திரும்ப உழுதுவிடாதீர்கள். பயிர் எடுத்த ஆர்சனிக் மண்ணுக்கே வந்து சேரும். உமி போட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் ஏக்கருக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதுங்கள்.