ஆச்சி மோதிரத்துப் பச்சைக்கல்: ஆசாரி யாராவது தெரியுமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. எங்க ஆச்சியோட வெள்ளி மோதிரத்துல இருக்கிற பச்சைக்கல்லை இத்தனை வருசமா மரகதம்னே நம்பிட்டு இருந்தோம். போன வாரம் டவுன்ல ஒரு கடையில காட்டினா, 'இது அமேசோனைட்'னுட்டாங்க. ஃபெல்ஸ்பார்ங்கிற பாறைக் கனிம வகை, மோஸ் அளவுல (கல்லோட கடினத்தை 1 முதல் 10 வரை சொல்ற அளவு) கடினம் 6 முதல் 6.5 தான், மரகதம்னா 7.5க்கு மேல. சரியாத்தான் படுது. வெளிச்சத்துல பிடிச்சாலும் கண்ணாடி மாதிரி தெரியல, உள்ள தயிர் இழுவுன மாதிரி வெள்ளை வரி ஓடுது. ஓரத்துல சில்லு தெறிச்ச இடம் பிளேடால சீவினாப்ல தட்டை.

விலை கிடக்கட்டும், விக்கப் போறதில்ல. ஓரத்தை லேசாத் தேச்சு, திரும்பப் பதிச்சுத் தர பாளையங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கம் கைப்பக்குவமான ஆசாரி இருந்தாச் சொல்லுங்க. அழுத்திப் பதிக்கிற ஆளு வேண்டாம், இந்தக் கல்லு தட்டையாப் பிளக்கிற வாக்குல படக்குனு பிரிஞ்சிரும்.