புதுப்பிப்பு: நான்கு பறவைகளைப் பிரிக்கவில்லை

பழைய ஆல்பம் ஒன்றில் 1966 ஆகஸ்ட் 8 அன்று வெளிவந்த பிரிட்டன் பறவைத் தபால்தலைகள் நான்கும் சேர்ந்தே கிடைத்தன, பிரித்துத் தனித்தனியாக வைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னீர்கள். பிரிக்கவில்லை. நன்றி!

கருந்தலைக் கடற்காகம், நீல டிட், ராபின், பிளாக்பேர்ட். நான்கும் 4 பென்ஸ். நாட்டின் பெயர் எங்கும் இல்லை. அப்போதைய பிரிட்டன் தபால்தலையில் அரசியின் தலையே நாட்டைச் சொல்லிவிடும். ராபினின் ஆரஞ்சு மார்புக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன முகம் எவ்வளவு அழகு!

அப்புறம், பாஸ்பர் பட்டை (கடிதம் பிரிக்கும் இயந்திரம் கண்டுகொள்வதற்காகத் தபால்தலையின் முகப்பில் பூசும் மங்கலான கோடு) உள்ளதா என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். இந்த வரிசை பட்டையோடும் பட்டையில்லாமலும் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். பளபளப்புக்கு நடுவே மங்கலான செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. பட்டை உள்ளதுதான். திருப்பிப் பார்த்தால் தாளுக்குள் நீர்க்குறியாகக் குட்டிக் குட்டிக் கிரீடங்கள். அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போய்விட்டது.

பின்பக்கப் பசை அப்படியே இருப்பதால் ஹிஞ்ச் (தபால்தலையை ஆல்பத்தில் ஒட்ட உதவும் சின்னக் காகிதத் துண்டு) ஒட்டவில்லை. கண்ணாடித்தாள் உறையில் போட்டுவிட்டேன். அடுத்து இதே வரிசையில் பட்டையில்லாத நான்கைத் தேடுகிறேன்.