18 ஊசிகளில் 15 முடிந்திருக்கிறது

மனைவிக்குப் போன வாரம்தான் முதல் கீமோ, வீட்டில் நான் என்ன செய்யணும்னே புரியலை என்று கேட்ட தம்பிக்காக எழுதுகிறேன். நாங்கள் கும்பகோணம், சிகிச்சை சென்னையில். என் மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். இடது மார்பில் கட்டி, புற்றுநோய், அதிலும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் ஹெர்2 பாசிட்டிவ் வகை என்று ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன், அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு தடவை சிவப்பு நிறக் கீமோ மருந்து, அதன் பிறகு வாரம் ஒன்றாக 12 பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ, 15 நாள் கரண்ட் (கதிர்வீச்சு), இதோடு அந்த ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் ஊசி 21 நாளைக்கு ஒருமுறை மொத்தம் 18. அந்தக் கணக்கில்தான் இப்போது 15 முடிந்திருக்கிறது.

சிவப்பு மருந்து ஏறியதும் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கீமோ முடிந்து பத்தாவது நாள், ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்கு உடம்பு சுட்டது, தெர்மாமீட்டரில் 100.6. இந்த நேரத்தில் யாரை எழுப்புவது என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தேன், காய்ச்சலும் இறங்கியது, நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். விடியும்போது பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம். ரத்தம் எடுத்துப் பார்த்தால், கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் வெறும் 400. ஐந்து நாள் அட்மிட், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் ரொம்பக் கீழே போகும், அப்போது 100.4ஐத் தொட்டால் மாத்திரை கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது, நேராக ஆஸ்பத்திரி என்று டாக்டரம்மா என்னிடம் கோபமாகவே சொன்னார். அந்த ஐந்து நாளும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். காலை, மாலை காய்ச்சல், எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பிட்டாள், எத்தனை நாளாக வெளிக்குப் போகவில்லை, எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். ஏன் சொல்கிறேன் என்றால், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நம் வீட்டுப் பெண்கள் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி முழுக்க முனகியது நமக்குத்தானே தெரியும்.

பாக்லிடாக்சல் ஏழாவது வாரம் நடந்தது இது. கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்று, வெள்ளை லைனிங் வைத்த பட்டு பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் லைனிங்கில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, அடுத்த தையலில் இன்னொன்று. ஊசி ஆள்காட்டி விரலில் குத்திக் குத்தி ரத்தம் வருகிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. கையைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் சொன்னாள், மூணு வாரமா விரல் நுனி மரத்துப் போயிருக்கு, பாதமும் அப்படித்தான், செருப்பு கழன்றாலும் தெரியலை என்று. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கங்க" என்றாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் அடுத்த வாரம் நான் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா ஊசியால் லேசாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மீதி வாரங்களுக்கு டோஸைக் குறைத்தார், இப்படியே விட்டால் மரத்துப் போனது திரும்பாமலேயே போகலாம் என்றார். ஊர் திரும்பும்வரை அவள் என்னோடு பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் பேசவில்லை. சரி, பேசாமல் இருக்கட்டும், இதில் நான் செய்தது தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மிஷினைத் துணி போட்டு மூடி வைக்கலாம் என்று நான் சொன்னபோதுதான் அழுதாள், முடி கொட்டியபோதுகூட அப்படி அழவில்லை. எல்லா வேலையையும் வாங்கிக்கொள்வதுதான் பாசம் என்று நான் நினைத்திருந்தேன் தம்பி, அது இல்லை. வெட்டுவதும் மிஷினில் ஓட்டுவதும் அவள், கைத்தையல் மட்டும் நான் என்று பேசி முடித்தோம். கொக்கி வைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதலில் வைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்து, "இது நிக்காதுங்க, பிரிச்சுப் போடுங்க" என்பாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள், கை வீங்கக்கூடும் என்கிறார்கள். ஊரில் ஒரு கிளினிக்கில் மளமளவென்று அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்றினார்கள், நான்தான் தடுத்தேன். ரயிலுக்கு ஆஸ்பத்திரியில் கன்செஷன் பாரம் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழு இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. நாங்கள் எப்போதும் உழவன் எக்ஸ்பிரஸில்தான் சென்னைக்குப் போகிறோம். பார்க்க வருகிறவர்கள் யார் யார் இதே நோயில் போனார்கள் என்று ஆரம்பித்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள், சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

விரலில் உணர்வு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது, காலில்தான் இன்னும் இல்லை. 16ஆவது ஊசிக்கு முன்னால் எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த மருந்தைத் தொடர்வார்கள். இதயம் ஒரு துடிப்பில் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு போன தடவை 60 சதவீதம் இருந்தது. வியாழன் ராத்திரி வண்டி ஏறுகிறோம், வெள்ளிக்கிழமை தெரியும்.